மதியச் சாப்பாட்டுக்கு எழுப்பிய இயக்குநர்

திருவனந்தபுரத்து வலியசாலையின் பெயரிலேயே ஒரு பழைய வேலையிடம் ஒளிந்திருக்கிறது. இன்று சாலை என்றால் தார் ரோடு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தத் தென்கோடியில் அந்தச் சொல் மாணவர்கள் தங்கி, உண்டு, படித்த இடத்தைக் குறித்தது. இங்கிருக்கும் மகாதேவர் கோயிலைக் காந்தளூர்ச்சாலை என்ற அப்படியொரு கல்வியிடத்தோடு சேர்த்துச் சொல்வது நகரத்து மரபு. இல்லை, அந்தச் சாலை வேறு இடத்தில் இருந்தது என்று வாதாடும் ஆய்வாளர்களும் உண்டு. முதலாம் ராஜராஜன் காந்தளூர்ச்சாலையில் ‘கலம்’ அறுத்ததாக அவன் கல்வெட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்தக் கலம் கப்பலா, சோற்றுக்கலமா, அல்லது வழக்கா என்று அறிஞர்கள் நூறாண்டாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலை அமைத்து 95 மாணவர்களுக்கு இடம் ஒதுக்கினான். அதன் ஒழுங்குமுறையைக் காந்தளூரைப் பார்த்து வகுத்தான். படிப்பும் சோறும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த நிறுவனம் அது. கலம் என்பது சோற்றுக்கலம்தான் என்று சொல்பவர்களின் கட்சியில் சேர ஆசையாக இருக்கிறது. அதற்கு வரலாற்றுக் காரணம் எதுவும் இல்லை. சற்று நேரத்தில் வரப்போகும் ஒரு மதியச் சாப்பாடுதான் காரணம்.

இந்தத் தெருக்களிலிருந்து காலையில் கிளம்புகிறவர்களில் ஒரு பகுதி தும்பா, வலியமலை ராக்கெட் மையங்களுக்குப் போகிறது. இன்னொரு பகுதி கழக்கூட்டத்து டெக்னோபார்க்குக்கு. இரண்டு வண்டியிலும் ஒரே வகை மனிதர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். நிரல் எழுதுவதிலோ, வால்வு வடிவமைப்பதிலோ கெட்டிக்காரராக இருந்தார். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குப் பரிசாக அந்த வேலையிலிருந்தே அவரை எடுத்துவிட்டார்கள். முதலில் டீம் லீட், பிறகு மேனேஜர், அதற்கு மேல் ஏதோ ஒரு ஹெட். சம்பளம் ஏறியது, ஃபிளாட் வந்தது. சாயங்காலம் வீட்டில், “இன்னிக்கு என்ன பண்ணினேள்?” என்று கேட்டால் சொல்லத்தான் ஒன்றும் இல்லை. ஏழு மீட்டிங், ஒரு அப்ரைசல் தகராறு, வாடிக்கையாளரிடம் ஒரு சமாதானம். கையால் செய்தது எதுவும் இல்லை.

இதை அலுப்பு என்றோ, நடுவயதுச் சலிப்பு என்றோ ஒதுக்கிவிட முடியாது. தொழில்நுட்ப வேலையின் அமைப்பே அப்படி. நிரல் ஓடினால் ஓடியது, இல்லையென்றால் இல்லை. பதில் சில நொடிகளில் கிடைத்துவிடும். அந்தச் சின்னச் சின்னப் பதில்கள்தான் இருபது வயதில் ஒருவரை இரவெல்லாம் உட்கார வைக்கின்றன. தலைமைக்கு வந்ததும் பதில் வருவதற்கு ஆண்டுகள் ஆகின்றன. வந்தாலும் அது வேறொருவர் கை வழியாக வருகிறது. கணினிக்குப் பழகிய மனம் மனிதர்களிடமும் அதே வேகத்தை எதிர்பார்த்து ஏமாறுகிறது. இதற்குத் தீர்வு சொல்லும் புத்தகங்கள் விமான நிலையக் கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. திருவனந்தபுரத்துக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இந்த ஊரைச் சுற்றி அறுபது ஆண்டுகளாகப் பலர் இந்தச் சிக்கலை வாழ்ந்து பார்த்திருக்கிறார்கள். சிலர் அதில் வென்றார்கள், சிலர் அதற்கு விலை கொடுத்தார்கள்.

விலை கொடுத்தவரிடமிருந்து தொடங்கலாம். விக்ரம் சாராபாய் 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில், ஹால்சியன் மாளிகையில், தூக்கத்திலேயே இறந்தார். வயது 52. அப்போது அவர் தோளில் இருந்த பாரத்தை எண்ணிப் பார்த்தாலே மூச்சு வாங்கும். 1966-இல் ஹோமி பாபா விமான விபத்தில் மறைந்தபின் அணுசக்தி ஆணையத்தின் தலைமை அவரிடம் வந்தது. விண்வெளித் திட்டம் தொடக்கத்திலிருந்தே அவருடையது. 1969-இல் அது இஸ்ரோவாக மாறியது. அகமதாபாத்தில் அவர் 1947-இல் தொடங்கிய இயற்பியல் ஆய்வுக்கூடம், துணி ஆலைகளுக்கான ஆராய்ச்சி நிலையம், 1961-இல் வந்த இந்திய மேலாண்மைக் கழகம், போதாததற்குக் குடும்பத் தொழில்கள். அப்துல் கலாம் தன் சுயசரிதையில் ஒரு சந்திப்பைப் பற்றி எழுதுகிறார். டில்லியில் சாராபாயைப் பார்க்க நேரம் கேட்டபோது, அசோகா ஓட்டலுக்கு விடிகாலை மூன்றரை மணிக்கு வரச் சொன்னார்களாம். பலர் இதை உழைப்பின் பெருமையாகச் சொல்கிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் வேறொன்று தெரியும்: பகலில் இடமில்லாமல் போய்விட்ட ஒரு மனிதரின் நாட்குறிப்பு அது.

சாராபாய் மகிழ்ச்சியற்றவர் என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது. அவரோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் அந்தச் சிரிப்பையும், இளைஞர்களை நம்பிப் பெரிய வேலையைத் தூக்கிக் கொடுக்கும் துணிச்சலையும்தான் முதலில் சொல்கிறார்கள். நோக்கம் அவரிடம் நிரம்பி வழிந்தது. நேரம்தான் இல்லை. கடைசி நாளில்கூட அவரோடு தொலைபேசியில் பேசிவிட்டு, டில்லியிலிருந்து விமானம் ஏறி வந்து இறங்கிய கலாமுக்குத் திருவனந்தபுரத்தில் காத்திருந்தது மரணச் செய்தி. நோக்கம் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானே வரும் என்று மேடைகளில் சொல்கிறவர்கள் அந்த விமான நிலையக் காட்சியை நினைத்துக்கொள்வது நல்லது.

சாராபாய்க்குப் பின் யார் என்ற கேள்வி வந்தபோது, இந்திரா காந்தியின் அழைப்பு சதீஷ் தவானுக்குப் போனது. அவர் அப்போது அமெரிக்காவில் கால்டெக்கில் விடுப்பில் இருந்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் பதவியில் இருந்தவர். பிரதமர் அழைத்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடுவதுதான் வழக்கம். தவான் நிபந்தனைகள் வைத்தார். கால்டெக்கில் ஒப்புக்கொண்ட வேலையை முடித்துவிட்டுத்தான் வருவேன். அறிவியல் கழகத்து இயக்குநர் பதவியை விடமாட்டேன். விண்வெளித் துறையின் தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும். எல்லாம் ஏற்கப்பட்டன. அவர் வரும்வரை எம்.ஜி.கே. மேனன் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். 1972-இலிருந்து 1984 வரை தவான் இஸ்ரோவை நடத்தினார்.

இது பதவிப் பேரம் போலத் தோன்றலாம். உண்மையில் தன் உயிர்மூச்சு எது என்று தெரிந்த ஒருவர் அதைச் சுற்றிப் போட்ட வேலி அது. கணிதமும் இயற்பியலும் படித்து, ஆங்கில இலக்கியத்தில் முதுகலை வாங்கி, அதன்பின் இயந்திரப் பொறியியலும் முடித்தவர் தவான். காற்று எப்படி ஓடுகிறது என்பதுதான் அவருடைய வாழ்நாள் கேள்வி. ராக்கெட்டுகளைப் பற்றி முடிவெடுக்க ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போனவர் பக்கத்துப் பழவேற்காடு ஏரியில் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுக்குப் பின் பறவைகள் பறப்பதன் இயக்கவியலைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார், 1991-இல் வெளிவந்தது. ஒரு விண்வெளித் துறைத் தலைவர் நாரையின் சிறகைக் கணக்குப் போடுவது பொழுதுபோக்கு அல்ல. பதவி எடுத்துக்கொண்ட கையை அவர் பறவைகளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.

இனி அந்த மதியச் சாப்பாடு.

1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. நான்கு அடுக்குகள், 22 மீட்டர் உயரம், 17 டன் எடை கொண்ட எஸ்.எல்.வி-3 ராக்கெட் முதல்முறையாகக் கிளம்பியது. திட்ட இயக்குநர் கலாம். முதல் அடுக்கு ஒழுங்காக வேலை செய்தது. இரண்டாம் அடுக்கில் கட்டுப்பாடு போயிற்று. 317 விநாடிகளில் எல்லாம் முடிந்து, ஏழாண்டு உழைப்பு வங்காள விரிகுடாவில் விழுந்தது. பிறகு ஆராய்ந்தபோது காரணம் தெரிந்தது: கட்டுப்பாட்டு அமைப்பிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிந்து தீர்ந்துபோயிருந்தது. அந்தக் கசிவு ஏவுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே கண்ணில் பட்டிருந்தது. போதுமான அமிலம் இருக்கிறது என்று நிபுணர்கள் சொன்னார்கள், ஏவலாம் என்று கலாம் முடிவெடுத்தார்.

அன்றைய பத்திரிகையாளர் சந்திப்பில் கலாமைப் பேசவிடாமல் தவானே முன்னால் நின்று தோல்வியை ஏற்றுக்கொண்டதும், 1980 ஜூலை 18-இல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் ஏறியபோது கலாமை முன்னால் அனுப்பிவிட்டுத் தான் பின்னால் நின்றதும் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அறிந்த கதை. மேலாண்மை வகுப்புகளில் தேய்ந்துபோன கதையும்கூட. அதற்கு இரண்டு பக்கத்திலும் நடந்த இரண்டு காரியங்களை அதிகம் பேர் சொல்வதில்லை.

முதலாவது அன்றைக்கே நடந்தது. பல நாட்கள் தூங்காத கலாம், தோல்விக்குப் பிறகு அறைக்குப் போய்ப் படுக்கையில் விழுந்தார். பிற்பகலில் யாரோ தோளைத் தொட்டு எழுப்பினார்கள். கண் திறந்தால் பக்கத்தில் டாக்டர் பிரம்ம பிரகாஷ். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் முதல் இயக்குநர், நாடறிந்த உலோகவியல் அறிஞர். அவர் தோல்வியைப் பற்றிக் கேட்கவில்லை, அமிலத்தைப் பற்றிக் கேட்கவில்லை. சாப்பிடப் போகலாமா என்றார். அறிக்கையும் விசாரணையும் குழுக்களும் பின்னால் வரத்தான் போகின்றன. அந்த மதியத்துக்கு வேண்டியது சோறும், எதிரே உட்கார ஒரு ஆளும். நம் வீடுகளில் யாராவது இடிந்துபோய் உட்கார்ந்திருந்தால் பாட்டிகள் செய்வதும் இதைத்தான்: காரணம் கேட்பதற்கு முன் இலையைப் போடுவார்கள். ஓர் இயக்குநர் அதைச் செய்ததுதான் செய்தி. இருபது ஆண்டுகள் கழித்துச் சுயசரிதை எழுதும்போது, ராக்கெட் விழுந்த விநாடிக் கணக்கோடு சேர்த்து இந்தச் சாப்பாட்டையும் கலாம் நினைவாக எழுதிவைத்தார் என்றால், அது எவ்வளவு ஆழத்தில் போய்த் தங்கியிருக்க வேண்டும்!

இரண்டாவது, பின்னால் நடந்த ஆய்வுக் கூட்டத்தில். ஒவ்வொரு துறையும் தன் பங்குக் காரணத்தைத் தொழில்நுட்ப மொழியில் விளக்கி முடித்தது. எல்லோரும் ஏற்கும்படியான விளக்கம். யார் தலையிலும் பழி விழாத விளக்கம். அப்போது கலாம் எழுந்தார். கசிவு தெரிந்தும் ஏவுதலை நிறுத்தாதது பொறுப்பாளரான தன் தவறு என்றார். தவான் வெளியே பழியை ஏற்றுக்கொண்டபின் கலாம் உள்ளே அமைதியாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பழியை மேலே இருப்பவர் கீழே தள்ளாத இடத்தில்தான் கீழே இருப்பவரும் அதை ஒளிக்காமல் எடுத்துக்கொள்ள முடியும். ‘சைக்கலாஜிக்கல் சேஃப்டி’ என்று இன்றைய மனிதவளத் துறைகள் பவர்பாயிண்ட்டில் காட்டுவது இதைத்தான். ஸ்ரீஹரிகோட்டாவில் அதற்குப் பெயர் கிடையாது.

தலைமையின் மகிழ்ச்சி எங்கே வருகிறது என்று கேட்டால், கலாமின் பதில் ராக்கெட்டில் நிற்கவில்லை. 1982-இல் அவர் ஹைதராபாத்துக்கு ஏவுகணைப் பணிக்குப் போனார். அங்கே அக்னி ஏவுகணைக்காக மிக லேசான கார்பன் கலவைப் பொருள் ஒன்று உருவானது. நிஜாம் மருத்துவக் கழகத்திலிருந்து வந்த எலும்பியல் மருத்துவர் ஒருவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, கலாமைத் தன் வார்டுக்கு அழைத்துப் போனார். போலியோ பாதித்த பிள்ளைகள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புத் தாங்கிகளை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். மூன்று வாரத்தில் 300 கிராம் எடையில் தாங்கிகள் தயாராயின. தன் வாழ்வின் பேரின்பங்களை வரிசைப்படுத்தும்போதெல்லாம் எஸ்.எல்.வி-3, அக்னி, பொக்ரான் அணுச்சோதனை ஆகியவற்றோடு இதையும் ஒன்றாகக் கலாம் மேடைகளில் சொல்லிக்கொண்டே இருந்தார். கவனிக்க வேண்டியது அந்த மூன்று வாரம். ராக்கெட்டுக்கு ஏழாண்டு காத்திருந்தவருக்கு, ஒரு பிள்ளை எழுந்து ஓடுவதை உடனே பார்க்கக் கிடைத்தது. இளம் பொறியாளனுக்கு மட்டுமே கிடைக்கும் அந்த உடனடிப் பதில், உச்சத்தில் இருந்தவருக்கு ஒரு மருத்துவமனை வராந்தாவில் கிடைத்தது.

எல்லாருக்கும் வாழ்க்கை இவ்வளவு தயவாக இருந்ததில்லை. நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன், பிரான்ஸில் வைக்கிங் ராக்கெட் எஞ்சின் வேலையில் இந்தியப் பொறியாளர் குழுவை நடத்தியவர். அங்கே கற்றதிலிருந்து வந்தது விகாஸ் எஞ்சின். 1994 அக்டோபர் 15 அன்று பி.எஸ்.எல்.வி. முதல் வெற்றியைக் கண்டது. அதன் இரண்டாம் அடுக்கை உந்தியது விகாஸ். ஆறு வாரம் கழித்து, நவம்பர் 30 அன்று, திருவனந்தபுரத்தில் போலீஸ் அவரைக் கைது செய்தது. உளவுக் குற்றச்சாட்டு, ஐம்பது நாள் சிறை. 1996-இல் வழக்கில் ஆதாரம் இல்லை என்று சி.பி.ஐ. சொல்லிவிட்டது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2019-இல் பத்மபூஷண் வந்தது. இருபத்து நான்கு ஆண்டுகள்! இவருடைய கதையில் மகிழ்ச்சியைத் தேடுவது அநாகரிகம். ஆனால் ஒன்றைச் சொல்லலாம். அவர் கோர்ட்டுப் படியேறிக்கொண்டிருந்த காலம் முழுவதும் அந்த எஞ்சின் பறந்துகொண்டிருந்தது. 2008-இல் சந்திரயானையும், 2013-இல் மங்கள்யானையும் தூக்கிச் சென்ற ராக்கெட்டுகளில் விகாஸ் இருந்தது. 2023-இல் சந்திரயான்-3 போன எல்.வி.எம்-3 ராக்கெட்டில் இரண்டு இருந்தன. ஒரு மனிதரைப் பதவியிலிருந்து பிய்த்து எடுக்க முடிந்தவர்களால், அவர் செய்த வேலையை ராக்கெட்டிலிருந்து பிய்க்க முடியவில்லை.

மென்பொருள் பக்கம் வரலாம். ராக்கெட் கதை கேட்டுக் கேட்டு, ‘எங்களுக்கு இருப்பது வாடிக்கையாளரின் காப்பீட்டு மென்பொருள், இதில் என்ன நோக்கம்?’ என்று கழக்கூட்டத்து இளைஞர்கள் கேட்பது நியாயம்தான். டெக்னோபார்க் வளாகமே ஒருவரின் பிடிவாதத்தில் வந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணூர் மாவட்டத்துக் கல்யாசேரியில் பிறந்த கே.பி.பி. நம்பியார் லண்டனில் படித்து, வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர். 1973-இல் கேரள அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரானைக் கட்டி எழுப்பினார், பின்னர் மத்திய அரசில் மின்னணுத் துறைச் செயலாளராகவும் இருந்தார். வேலைநிறுத்தத்துக்குப் பெயர் போன ஒரு மாநிலத்தில், 1990-இல் ஒரு தொழில்நுட்பப் பூங்கா என்ற எண்ணத்தை அவர் முன்வைத்தபோது நம்பியவர்கள் குறைவு. ஜி. விஜயராகவன் முதல் தலைமை அதிகாரியாக வந்தார், 1995-இல் பிரதமர் நரசிம்ம ராவ் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இன்று 70,000-க்கும் மேற்பட்டோர் அங்கே வேலை செய்கிறார்கள். தலைவர்களில் பலர் பொருளைக் கட்டுகிறார்கள்; நம்பியார் கட்டியது இடத்தை. மற்றவர்கள் வேலை செய்ய வசதியான இடத்தைச் செய்துவைப்பதில் ஒரு தனிச் சுகம் உண்டு. வீட்டில் பந்தி பரிமாறுகிறவருக்கு அது தெரியும்.

இந்த ஊரில் பிறந்த கிரிஸ் கோபாலகிருஷ்ணனுக்கு முதல் ஆசை மருத்துவம். இடம் கிடைக்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் இயற்பியலும் கணினியும் படித்து, 1981-இல் இன்ஃபோசிஸைத் தொடங்கிய ஏழு பேரில் ஒருவரானார். 2007 முதல் 2011 வரை அதன் தலைமைச் செயல் அதிகாரி. அதற்குப் பின் தன் குடும்ப அறக்கட்டளை வழியாக 225 கோடி ரூபாய் கொடுத்து, இந்திய அறிவியல் கழகத்தில் மூளை ஆராய்ச்சி மையம் அமையக் காரணமானார்; முதுமையில் மூளை எப்படித் தேய்கிறது என்று அங்கே ஆராய்கிறார்கள். பதினேழு வயதில் மூடிய கதவை அறுபதை நெருங்கும்போது வேறொரு பக்கமாக வந்து தட்டியிருக்கிறார்.

ஆரியங்காவு கணவாயைத் தாண்டினால் தென்காசி. அங்கே மத்தளம்பாறையில் ஸ்ரீதர் வேம்பு. சென்னை ஐ.ஐ.டி., பிரின்ஸ்டன், குவால்காம் என்று போய், 1996-இல் அட்வென்ட்நெட் தொடங்கி, அதை ஸோஹோ மென்பொருள் நிறுவனமாக வளர்த்தவர். கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளுக்கு 2005 முதல் உதவித்தொகையோடு நிரல் கற்றுத்தந்து வேலையும் கொடுக்கும் பள்ளியை நடத்துகிறது நிறுவனம். 2019-இல் அமெரிக்காவிலிருந்து கிராமத்துக்கே குடிவந்தார். அவருடைய வயல்வெளிப் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடும் மேனேஜர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: சொந்தக் கம்பெனி இருப்பவருக்கு வேட்டி கட்டுவது எளிது, வீட்டுக்கடன் இருப்பவருக்கு அவ்வளவு எளிதல்ல. ஆனால் 2025 ஜனவரியில் அவர் எடுத்த முடிவை யாரும் கூர்ந்து பார்க்கலாம். தலைமைச் செயல் அதிகாரி நாற்காலியை விட்டுவிட்டுத் தலைமை விஞ்ஞானி என்ற பெயரில் ஆராய்ச்சிக்குத் திரும்பினார். பதவி ஏணியில் அது இறக்கமா ஏற்றமா என்று பத்திரிகைகள் விவாதித்தன. வேலை தெரிந்தவர்களுக்கு அது வெறும் ஏக்கம் தீர்ந்த செய்தி.

இவர்களில் யாரும் மற்றவரைப் போல இல்லை. தவான் வேலி போட்டார், பிரம்ம பிரகாஷ் தோளைத் தொட்டார், நம்பியார் இடம் கட்டினார், வேம்பு திரும்பி நடந்தார். சாராபாய் எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அவர் செய்தது தவறு என்று சொல்லவும் இந்த ஊரில் யாருக்கும் வாய் வராது, ஏனென்றால் இந்த ஊரின் தொழில்நுட்ப வாழ்க்கையே அவர் போட்ட பிச்சை.

அந்த வாழ்க்கை தொடங்கிய நாளில் மேனேஜர்கள் கிடையாது. காந்தப்புல நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகத் தும்பா தேர்வானது. மீனவர்கள் ஊரைக் கொடுத்தார்கள், ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா மேரி மக்தலேனா தேவாலயத்தைக் கொடுத்தார். கோயிலே பட்டறை, ஆயர் இல்லமே அலுவலகம், மாட்டுக்கொட்டில் ஆய்வுக்கூடம். இளம் பொறியாளர்கள் நகரத்து லாட்ஜ்களில் தங்கிப் பேருந்தில் போய்வந்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட், அமெரிக்கா தந்த நைக்கி-அப்பாச்சி. ராக்கெட்டை ஒருங்கிணைக்கும் பொறுப்பு கலாமுக்கு, ஏவும் பொறுப்பு ஈஸ்வர்தாஸுக்கு, ராடாரும் தொலையளவியலும் சென்னைக்காரர் ஆர். அரவமுதனுக்கு. சாராபாயும் பாபாவும் வந்து காத்திருந்தார்கள். தேவாலயத்திலிருந்து லாரியில் ராக்கெட் வந்து சேர்ந்தது. ஏவுமேடையில் தூக்கி வைக்கும் நேரத்தில் கிரேனின் ஹைட்ராலிக் கசியத் தொடங்கியது. மாலை ஆறு மணி நெருங்கியது, பழுது பார்க்க நேரமில்லை. அங்கிருந்தவர்கள் கையும் தோளும் கொடுத்து ராக்கெட்டைத் தூக்கி மேடையில் பொருத்தினார்கள். சற்று நேரத்தில் அது மேலே போய்ச் சோடியம் ஆவியைக் கக்கியது. இருட்டத் தொடங்கியிருந்த கடற்கரை வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம் நீண்டு மினுங்கியது. கீழே, வேலை செய்யாத அந்தக் கிரேனுக்குப் பக்கத்தில், ராக்கெட்டைத் தூக்கியவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.